பத்தும் நேர்

சௌம்யாவின் இடது முட்டி உள்ளே விழுகிறது என்பதை முதலில் பார்த்தவள் நான். பார்த்தும் எழுதாமல் விட்டவளும் நான்தான். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கதை பாதி போனபிறகு என்னை நல்லவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

என் பெயர் சமீஹா. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஜமால் முகம்மதுவின் மகள். போன வருஷம் நான் பத்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. எங்கள் பெண்கள் பள்ளிக்கு ஜிம்னாஸ்டிக்ஸில் கொஞ்சம் பெயர் உண்டு. நானும் அணியில் இருந்தேன். இருந்தேன் என்பதற்கு மேல் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆறு பேர் கொண்ட அணியில் நான் ஏழாவது ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் எனக்கு வாழ்வு. மூன்று வருஷத்தில் ஒருத்திக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

சௌம்யா வேறு ரகம். வடகவுஞ்சியில் பூண்டு விவசாயம் செய்யும் கந்தவேலின் மூத்த பெண். வெள்ளனே எழுந்து, பனியில் நின்று, பழனியிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்து வருவாள். வால்ட் மேஜையை நோக்கி அவள் ஓட ஆரம்பித்தால் சத்துணவுக் கூடத்து அக்காமார் கரண்டியோடு வெளியே வந்து நிற்பார்கள். அவள் கை ஊன்றி, காற்றில் புரண்டு, மெத்தையில் வந்து நின்ற பிறகுதான் அவர்கள் மறுபடி சாம்பாரைப் பார்க்கப் போவார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. கீழே சமவெளியில் ஒரு விளையாட்டு விடுதி. சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அக்டோபரில் நடக்கும் தேர்வில் ஜெயித்தால் பதினொன்றாம் வகுப்பு அங்கே படிக்கலாம். ஜெயிக்காவிட்டால் பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பூண்டுத் தோட்டம். இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் தாய்மாமன் மகன். "அவன் நல்லவந்தாண்டி. ஆனா எனக்கு வேணாம்டி" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்ததில்லை.

ஜூனில் எங்கள் பி.டி. டீச்சர் முருகேஸ்வரி மிஸ் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, பின் அடித்த நாலு தாள்களோடு திரும்பி வந்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் எங்கள் நாற்பது பேரையும் ஹாலில் உட்கார வைத்தார். "வளருற வயசுல பொம்பளப் புள்ளைகளுக்குக் கால் வெரசா நீண்டுருது, இடுப்பு விரியுது. சதை அந்த அளவுக்குத் தேறுறதில்ல. குதிச்சு எறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்குது. அப்படியே மடங்கி மடங்கி ஒரு நாள் உள்ள எலும்புகளக் கட்டி வச்சிருக்குற லிகமெண்ட் கிழிஞ்சிருது. ஆம்பளப் பசங்களவிட நமக்குத்தான் இது அதிகம்" என்றார். கிழியாமல் இருக்க ஒரு வழியும் சொன்னார். முதலில் குதிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது, இறங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், முதல் மணிக்கு முன்னால் அரை மணி நேரம். பெஞ்சிலிருந்து குதிக்க வேண்டும். முட்டியை மடக்கி, கால் விரலுக்கு நேராக முட்டி நிற்கும்படி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். மூன்று எண்ணும்வரை அசையக் கூடாது. பிறகு ஒற்றைக் காலில். பிறகு திரும்பிக் குதித்து. "கீழ் வீட்டுக்காரன் தூங்குறான்னு நெனச்சு எறங்குங்கடி" என்பார் மிஸ். எங்களுக்கு அது கஷ்டமாக இருந்தது. போட்டியில் இறங்கும்போது ரொம்பக் குனிந்து உட்கார்ந்தால் மார்க் போய்விடும் என்று பயந்து, சின்ன வயதிலிருந்தே முளை அடித்த மாதிரி விறைப்பாக நின்று பழகியவர்கள் நாங்கள். ஆறு வாரம், எட்டு வாரம் விடாமல் செய்தால்தான் உடம்பு பழசை மறக்கும் என்று அந்தத் தாளில் போட்டிருந்ததாம்.

நாற்பது பேர் முட்டியை மிஸ் ஒருத்தரே பார்க்க முடியாது. அதனால் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். ஒருத்தி குதிக்க, மற்றவள் எதிரில் மண்டிபோட்டு முட்டியை மட்டும் பார்க்க வேண்டும். நோட்டில் பத்துக் கட்டம். நேராக இறங்கினால் 'நே', உள்ளே விழுந்தால் 'உ'. அதிகமாக 'உ' வாங்கினவர்களுக்கு வீட்டில் செய்ய இடுப்புக்கும் தொடைக்கும் தனிப் பயிற்சி. ஆறு வாரம் ஆகியும் பத்தில் மூன்றுக்கு மேல் 'உ' தொடர்ந்து வந்தால், சரியாகும்வரை வால்ட் மேஜைப் பக்கமே போகக் கூடாது. இந்த விதியில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது என்று மிஸ் போர்டில் எழுதியே போட்டார்.

எனக்கு ஜோடி சௌம்யா. குதிக்கத்தான் எனக்கு வராதே தவிர, பார்க்க நன்றாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, ஒரு விரல் அகலம் முட்டி உள்ளே போனாலும் சொல்லிவிடுவேன். "சமீஹா கண்ணு கேமரா கண்ணுடி" என்று மிஸ்ஸே சொன்னார். வாழ்க்கையில் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. ஜூலை முழுக்க நான் ஒழுங்காக எழுதினேன். சௌம்யாவுக்கு முதலில் பத்தில் ஏழு 'உ'. அப்புறம் ஐந்து. அப்புறம் நாலு. குறைந்துகொண்டுதான் வந்தது. இதை இன்னொரு தடவை சொல்கிறேன். குறைந்துகொண்டுதான் வந்தது.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி. மறுநாள் சுதந்திர தினம் என்பதால் மிஸ் மைதானத்தில் அணிவகுப்புக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஹாலில் பிள்ளைகள் நாங்கள் மட்டும். சௌம்யா மழையில் நனைந்து, தாமதமாக வந்தாள். குதித்தாள். ஆறு தடவை உள்ளே விழுந்தது.

"எத்தனடி?"

"ஆறு."

பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நாளாப் பூண்டு புடுங்குன சோலி. இடுப்பு கழண்டு கெடக்குடி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நே போட்டுருடி. சனிக்கெழம சரியாயிரும்."

நான் பத்துக் கட்டத்திலும் 'நே' போட்டேன். தோழிக்கு ஒரு நாள் சலுகை. இதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை குதித்தாள். ஐந்து உள்ளே. கடைசிக் குதி முடிந்து நிமிர்ந்து, மூச்சு வாங்க, "எப்படி?" என்று கேட்டாள். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. ஐந்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பத்தும் நேர்" என்று வந்தது.

ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். "சரியாயிருச்சுடி! சொன்னேன்ல!" நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நல்ல சேதி சொல்கிறவளாக இருப்பது அவ்வளவு சுகம். ஏழாவது ஆளாகவே இருந்து பழகினவளுக்கு அது என்ன சுகம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் சொன்னால், போன வாரம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள். அதோடு, 'உ' போட்டால் வால்ட் கிடையாது, வால்ட் இல்லாவிட்டால் தேர்வு கிடையாது, அவள் தோட்டத்துக்குப் போவாள், அனுப்பினவள் நானாக இருப்பேன். இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு வாரம் மூன்று தடவை 'நே' போட்டேன். முட்டி வாரம் மூன்று தடவை உள்ளே விழுந்தது. நாலு, ஐந்து, சில நாள் ஆறு.

அவள் நம்பினாள். நம்பினதால் வீட்டில் செய்துகொண்டிருந்த தனிப் பயிற்சியை விட்டுவிட்டாள். அதுதான் சரியாகிவிட்டதே. அந்த நேரத்தையும் சேர்த்துப் புதிதாக ஒரு கஷ்டமான வால்ட்டைப் பழகினாள். சனிக்கிழமைதோறும் நோட்டில் கையெழுத்துப் போடும் மிஸ் எல்லோர் முன்னாலும் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். "பாத்துக்கோங்கடி. விடாம செஞ்சா இப்படித்தான் வரும்." சௌம்யா வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். நான் கை தட்டினேன்.

அக்டோபரில் வேனில் கீழே இறங்கினோம். தேர்வில் அவள் முதல் வால்ட் அருமை. இரண்டாவது அந்தப் புது வால்ட். ஓடினாள், ஊன்றினாள், புரண்டாள். விறைப்பாகக் கால் பதித்தாள். முட்டி உள்ளே போனது. நான் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், அத்தனை தூரத்திலும் எனக்குத் தெரிந்தது. தட்டென்று ஒரு சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போனபோது மெத்தையில் கிடந்தாள். அழக்கூட இல்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். "சமீஹா, பின்னாடியிருந்து யாருடி மிதிச்சது?" என்று கேட்டாள். பின்னால் யாருமே இல்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். லிகமெண்ட் முழுசாகக் கிழிந்திருந்தது. பக்கத்தில் இருக்கும் ஜவ்வும் போயிருந்தது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், படி ஏறலாம், ஜிம்னாஸ்டிக்ஸை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதாக அவள் அம்மா பாப்பம்மாள் போனில் சொன்னார். "என்னமோ கொத்தமல்லிக் கட்டு வேணாம்னு சொல்றாப்ல சொல்லிட்டாரு தாயி" என்று அழுதார்.

தீபாவளி முடிந்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள், அணிப் பிள்ளைகள் நாங்களும் ஓரமாக நின்றோம். கந்தவேல் நின்றுகொண்டே பேசினார். "அஞ்சு வருஷமாக் குதிச்சா, ஒண்ணும் ஆகல. இந்த டீச்சரம்மா பெஞ்சுல ஏத்தி ஏத்திக் குதிக்க வச்ச பெறகுதான் எம்புள்ள கால் போச்சு. நீங்களே சொல்லுங்க." மற்ற அப்பா அம்மாக்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தலைமையாசிரியை அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"நே, நே, நே. ஆகஸ்டு பாதிலருந்து ஒரு தப்புகூட இல்ல. அந்தப் புள்ள சொன்னத எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கு. அப்படியும் கால் போயிருக்குன்னா பயிற்சிதான தப்பு, முருகேஸ்வரி?"

மிஸ்ஸுக்கே புரியவில்லை. "இதனால ஆகியிருக்காது மேடம்..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பீரியட் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட் கணக்கு. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கே குதிக்கும் பயிற்சி நிறுத்தப்பட்டது. ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்தவில்லை. அதில்தானே பள்ளிக்குக் கோப்பை வருகிறது.

இரண்டு வாரம் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயுடுபுரத்தில் மிஸ் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். மிஸ் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "அப்ப பயிற்சி தப்பில்லடி" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் அழுகை வந்தது. "அத்தன சின்னப் புள்ளைகளும் இப்ப பயிற்சி இல்லாம மொட்டையாக் குதிக்குதுங்க. நீ மேடம்கிட்ட வந்து இதச் சொல்லு, நாளைக்கே திரும்ப ஆரம்பிச்சிரலாம். ஆனா மொதல்ல சௌம்யாகிட்ட சொல்லிரு. அது அவ கால். அவ அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாது."

மறுநாளே லீவு போட்டுவிட்டு வடகவுஞ்சிக்குப் பஸ் ஏறினேன். சௌம்யா கட்டிலில், முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொடை பாதியாக வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "ஒரு விஷயத்துல நிம்மதிடி. நான் ஒண்ணும் தப்புப் பண்ணல. பத்தும் நேராத்தான எறங்கினேன்? விதி, வேற என்ன" என்றாள். பாப்பம்மாள் அடுப்படியில் இருந்து, "அதத்தான் நானும் சொல்றேன் தாயி" என்றார்.

நான் சொன்னேன். ஆகஸ்ட் பதினாலிலிருந்து அக்டோபர்வரை, ஒவ்வொரு வாரமும் எத்தனை விழுந்தது என்று சொன்னேன். எனக்கு எல்லா எண்ணும் ஞாபகம் இருந்தது. சௌம்யா தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு நாள்தானடி கேட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தப் பட்டையோடு திரும்பவும் அவளுக்கு முடியவில்லை, காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினாள். நான் உதவி செய்யக் கை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

பாப்பம்மாள் ஈரக் கையோடு வந்து என் எதிரில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "இத வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"மிஸ்கிட்ட மட்டும். நாளைக்கு ஹெச்.எம்.கிட்டச் சொல்லணும்மா. சின்னப் புள்ளைகளுக்குப் பயிற்சிய நிறுத்திட்டாங்க."

"சொல்லாத." கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார். "பள்ளிக்கூடத்துல குதிக்கவச்சுக் கால் போச்சுன்னுதான் எங்கண்ணன் வீட்டுல சொல்லி வச்சிருக்கோம். பாவம், அடிபட்ட புள்ளன்னு அவுகளும் சரின்னுட்டாக. நீ போயி மொதல்லருந்தே இவ முட்டி கோணலு, உள்ள உள்ள விழுந்துச்சுன்னு நோட்டுல எழுதிக் காட்டுனா, பொறவிக் குறைய மறைச்சுட்டோம்னு சொல்ல மாட்டாகளா? இவளுக்கு இனி விடுதியா இருக்கு, வேற எதுவா இருக்கு? இருக்குறது அது ஒண்ணுதான்."

"பொறவிக் குறை இல்லம்மா. வளருற வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கும்தான் விழும். பழகுனா சரியாயிரும்."

"அது ஒனக்குத் தெரியும். ஆயக்குடிக்காரங்களுக்குத் தெரியுமா?"

அவர் என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "எம்மகளுக்குப் பண்ணுனது போதும். உங்க அல்லா மேல சத்தியம் பண்ணு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

சௌம்யா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை உருவியிருப்பேன். அந்தத் தாய்மாமன் மகனை வேண்டாம் என்று சொன்னவள்தானே அவள். கட்டிலைப் பார்த்தேன். முதுகு அசையவில்லை. சத்தியம் செய்தேன்.

மறுநாள் பள்ளி வாசலிலேயே மிஸ் காத்திருந்தார். "சொன்னியா?"

"சொன்னேன் மிஸ். வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க." காரணத்தையும் சொன்னேன்.

மிஸ் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். "நானாப் போயிச் சொன்னா, தப்பிச்சுக்கப் பழிய ஒரு புள்ள மேல போடுறேம்பாங்க. நோட்டுல என் கையெழுத்துதான் இருக்கு" என்றார். "பாக்காமத்தான போட்டேன் நானும்." பிறகு விசிலை ஊதிக்கொண்டு கோ-கோ விளையாடும் பிள்ளைகள் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் குதிப்பதைப் பற்றி யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. அந்த நாலு தாளும் எங்கே போயிற்று என்று தெரியாது.

ஜனவரியில் வெளியிலிருந்து ஒரு புதுக் கோச் வந்தார். சௌம்யாவின் இடத்துக்கு ஏழாம் வகுப்பு ஜெயப்பிரியாவைத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு வயது. அந்த ஒரு வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தாள். நான் அப்போது அணியில் இல்லை. மெத்தை நகராமல் ஓரத்தில் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரு சாயங்காலம் அவள் பதினொரு தடவை குதித்தாள். ஒன்பது தடவை உள்ளே விழுந்தது, இரண்டு முட்டியும். கோச் கையைத் தட்டி, "சூப்பர், அசையாம நிக்கிற பாரு" என்றார்.

அவள் தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தாள். பக்கத்தில் போனேன். "ஜெயா, எறங்கும்போது முட்டிய மடக்கி, கால் வெரலுக்கு நேரா வச்சு எறங்கிப் பாருடி. நான் சொல்லித் தரேன். தெனம் கொஞ்ச நேரம் போதும்."

தண்ணீர் பாட்டிலோடு ஒரு அடி பின்னால் போனாள். பயந்துவிட்டாள்.

"வேணாங்க்கா. எங்கம்மா அதச் செய்யவே கூடாதுன்னு சொல்லியிருக்கு. அதப் பண்ணித்தானக்கா சௌம்யா அக்காவுக்குக் கால் போச்சு?"

இல்லை என்று சொன்னால் போதும். அடுத்து ஏன் என்று கேட்பாள், வீட்டில் போய்ச் சொல்வாள், இந்த மலையில் ஒரு வார்த்தை ஆயக்குடிவரை இறங்க ஒரு நாள்கூட ஆகாது. பாட்டிலை மூடிக்கொண்டு அவள் பதிலுக்கு நின்றாள்.

"ஆமா" என்றேன்.

தலையாட்டிவிட்டு ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். நான் குனிந்து மெத்தையைப் பிடித்துக்கொண்டேன்.